விரலின்றி நிகழும் கிளிக்

கணினியின் முன் அமர்ந்திருப்பவர் மவுஸின் இடப் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுகையில், அந்தச் சிறு செயலின் பின்னால், மின்னோட்டத்தின் மாறுதலில் தொடங்கி, இயங்குதளத்தின் அந்தரங்கமான பல நிலைகளைக் கடந்து, கடைசியில் ஒரு கடிதம் அனுப்பப்படுவதாகவோ, ஒரு கோப்பு அழிக்கப்படுவதாகவோ, ஒரு தொகை செலுத்தப்படுவதாகவோ முடிகிற நீண்டதொரு சங்கிலி இருக்கிறது என்பதை நாம் சாதாரணமாக நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தச் சங்கிலியின் முதற் கண்ணியாகிய மனிதக் கையை நீக்கிவிட்டு, மீதி யாவும் முன்போலவே நடக்கும்படி நிரலைக் கொண்டு கிளிக் ஒன்றை உண்டாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம். மென்பொருளை விற்பனைக்கு அனுப்புமுன் ஆயிரம் தடவை இயக்கிப் பார்க்க விரும்பும் பரிசோதகர் இதைக் கேட்கிறார். வேறு எந்த வழியிலும் தகவல் கொடுக்கவோ வாங்கவோ இடம் தராத பழைய கணக்கு மென்பொருளோடு நாள்தோறும் மல்லாடும் அலுவலகத்தார் கேட்கிறார்கள். கை அசைக்க இயலாமல் குரலாலோ கண்ணாலோ கணினியை ஆள வேண்டியவர் கேட்கிறார். பிறர் கணினிக்குள் புகுந்து அவர் பெயரால் சம்மதம் தெரிவிக்க நினைக்கும் திருடனும் இதையே கேட்கிறான். நால்வர் வேண்டுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும், கிளிக் என்பது கையின் அசைவாகவும், கணினிக்குள் ஓடும் செய்தியாகவும், பயனரின் சம்மதமாகவும் ஏககாலத்தில் விளங்குகிறபடியால், இம்மூன்றில் எதை நிரல் உண்டாக்க வேண்டும் என்று தெளிந்த பிறகே உபாயத்தைத் தேடுவது முறையாகும். இந்தத் தெளிவில்லாமல், கைக்குக் கிடைத்த முதல் உபாயத்தைப் பிரயோகிப்பதனாலேயே இத்துறையில் பெரும்பாலான துன்பங்கள் விளைகின்றன என்பது என் துணிபு.

மவுஸ் பிறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே இந்தப் பிரச்சினை கூர்மையாக எழுந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை ஏற்று பில் இங்கிலிஷ் 1964 ஆம் ஆண்டில் மரக்கட்டையைக் குடைந்து முதல் மவுஸை அமைத்தார். 1968 டிசம்பர் 9 அன்று அது சான்பிரான்சிஸ்கோவில் பகிரங்கமாகக் காட்டப்பட்டது. 1970 இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அந்தச் சாதனம் சாமானியர் மேசைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் 1984 ஜனவரியில் வெளியான பிறகுதான். அது வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1983 இல், மேக்கின்டாஷ் குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் கேப்ஸ் என்பவர், புதிய பயனருக்குக் கணினி தன்னைத் தானே அறிமுகப்படுத்திக் காட்டும் பொருட்டு, முன்னமே பதிவு செய்த மவுஸ் அசைவுகளையும் கிளிக்குகளையும் மீண்டும் ஓட்டிக் காட்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பதிவு செய்ததை ஓட்டுவதற்குத் திறந்துவைத்த அதே வாசல் வழியாகத் தாறுமாறான கிளிக்குகளையும் விசையழுத்தங்களையும் இடைவிடாமல் செலுத்தினால், மென்பொருள் எங்கே இடறி விழுகிறது என்று கண்டுபிடிக்கலாமே என்று அவருக்குத் தோன்றவே, 'குரங்கு' என்று பெயரிட்ட சிறு நிரல் ஒன்று பிறந்தது. வெறும் 128 கிலோபைட் நினைவகத்துக்குள் மேக்ரைட், மேக்பெயின்ட் ஆகிய மென்பொருள்களை நெருக்கிப் புகுத்திய காலத்தில், நினைவகம் வற்றிப்போகும் தறுவாயில் அவை என்ன செய்கின்றன என்று சோதிக்க அக்குரங்கு பெரிதும் உதவிற்று.

இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் வேறொன்று உண்டு. கண்மூடித்தனமாகக் கிளிக் செய்துகொண்டே போகும் குரங்கு, எப்போதாவது ஒருதரம் மென்பொருளை மூடிவிடும் கட்டளையையும் தேர்ந்துவிடுமாகையால், சோதனை அற்ப நேரத்தில் நின்றுபோயிற்று. அதற்குப் பரிகாரமாக, குரங்கு இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிவிக்கும் அடையாளம் ஒன்றை நினைவகத்தில் வைத்துவிடலாம் என்று அதே குழுவிலிருந்த பில் அட்கின்சன் யோசனை சொன்னார். மென்பொருள் அந்த அடையாளத்தைப் பார்த்து, குரங்கு ஆடும் சமயத்தில் மூடும் கட்டளையை முடக்கி வைத்தது. ஆகவே, 'இந்தக் கிளிக்கைச் செய்தது மனிதனா, நிரலா?' என்று கேட்டு விடைக்குத் தக்கபடி வேறாக நடந்துகொள்ளும் அவசியம், இந்த வித்தையின் முதல் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. இன்று இயங்குதளங்களை அமைப்போர் தலையைக் குடையும் பாதுகாப்புக் கேள்வியும் இதுவேயன்றி வேறன்று.

இனி, கிளிக் ஒன்று கணினிக்குள் செல்லும் பாதையை, மிகுதியும் வழங்குகின்ற விண்டோஸ் இயங்குதளத்தை உதாரணமாகக் கொண்டு பார்ப்போம். மவுஸிலிருந்து வரும் சமிக்ஞையை வன்பொருள் இயக்கி வாங்கி, இயங்குதளத்தின் பொதுவான உள்ளீட்டு வரிசையில் சேர்க்கிறது. திரையில் அம்பு நிற்கும் ஸ்தானத்தில் எந்தச் சாளரம் மேலே இருக்கிறது என்று இயங்குதளம் தீர்மானித்து, அந்தச் சாளரத்தை உடைய நிரலின் தனி வரிசைக்கு அதனை மாற்றுகிறது. நிரல் தன் வரிசையிலிருந்து செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிய சாளரத்திடம் ஒப்படைக்கிறது. பொத்தான் அழுந்திய செய்தி வந்ததும், திரையிலுள்ள பொத்தான் உள்வாங்கியதுபோல் தன்னைத் திருப்பி வரைந்துகொண்டு, இனி மவுஸ் எங்கே நகர்ந்தாலும் செய்தி தன்னிடமே வரும்படி பிடித்து வைத்துக்கொள்கிறது. விரல் எடுபட்ட செய்தி வரும்போது அம்பு இன்னும் தன் எல்லைக்குள்ளேயே இருந்தால் மாத்திரம், 'நான் கிளிக் செய்யப்பட்டேன்' என்று தன் தாய்ச் சாளரத்துக்கு அறிவிக்கிறது. அம்பு வெளியே போய்விட்டிருந்தால் ஒன்றும் நடவாதது போல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அழுத்திய பின் மனம் மாறினால் விரலை எடுக்காமலே அம்பை விலக்கித் தப்பித்துக்கொள்ள நமக்கு இடமிருப்பது இதனால்தான். மவுஸ் அறிந்தது அழுத்தமும் விடுவிப்பும் மட்டுமே. அவற்றைச் சேர்த்துக் கிளிக் என்னும் அர்த்தத்தை உண்டாக்குவது திரையிலுள்ள பொத்தான். இந்தச் சூட்சுமத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், நிரல் புகக்கூடிய வாசல்கள் எவையென்பதும் ஒவ்வொன்றின் குணதோஷங்களும் தாமாகவே விளங்கும்.

அடிவாசல் என்று சொல்லத்தக்கது, இயங்குதளத்தின் பொது வரிசையிலேயே போலிச் சமிக்ஞையைச் செருகுவது. விண்டோஸில் ஆதியில் 'மவுஸ் ஈவென்ட்' என்ற செயற்கூறு இதற்கு இருந்தது. அதற்குப் பதிலாக வந்தது 'சென்ட்இன்புட்'. பழையதில் ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே செலுத்த வேண்டியிருந்தபடியால், நிரலின் அழுத்தத்துக்கும் விடுவிப்புக்கும் நடுவே பயனரின் உண்மையான மவுஸ் அசைவு புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடக்கூடும். புதியதோ நிகழ்வுகளை ஒரு தொகுதியாகப் பெற்று, இடையில் வேறெதுவும் கலவாமல் வரிசையில் சேர்க்கிறது. ஸ்தானத்தைக் குறிப்பிடும் முறையில் புதியவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள்: திரை எத்தனை புள்ளிகள் அகலமாயினும், பூரணமான ஸ்தானத்தைக் குறிக்கும்போது இடப்புற மேல் மூலையைப் பூஜ்யம் என்றும் வலப்புறக் கீழ் மூலையை 65535 என்றும் வைத்து விகிதப்படுத்திக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட திரைகள் இருக்குமாயின், அந்த அளவு முதன்மைத் திரைக்கா, எல்லாத் திரைகளும் சேர்ந்த பரப்புக்கா என்பதைத் தனியே தெரிவிக்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர் பொத்தான்களை மாற்றி வைத்துக்கொண்டிருந்தால், இடப் பொத்தானை அழுத்து என்று நிரல் இட்ட கட்டளை வலப் பொத்தானின் காரியத்தைச் செய்துவிடும் என்பதையும், எழுத்துக்களைப் பெரிதாக்கிக் காணும் அமைப்பில் கணக்குகள் யாவும் பிசகிப்போகும் என்பதையும் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

மற்ற இயங்குதளங்களிலும் இத்தகைய வாசல் உண்டு. யூனிக்ஸ் உலகில் 1987 முதல் வழங்கும் எக்ஸ்11 சாளர முறைக்கு 'எக்ஸ்டெஸ்ட்' என்ற விரிவாக்கம் இருக்கிறது. 'எக்ஸ்டூடூல்' என்ற பிரசித்தி பெற்ற கருவி அதனையே பயன்படுத்துகிறது. மேக் ஓஎஸ்ஸில் குவார்ட்ஸ் நிகழ்வுச் சேவை இதைச் செய்கிறது. ஜாவா மொழியில் 2000 ஆம் ஆண்டில் வந்த 1.3 ஆம் பதிப்பு முதல் 'ரோபோ' என்றொரு வகுப்பு இருந்துவருகிறது. எழுதிய நிரல் எந்த இயங்குதளத்தில் ஓடினாலும் அந்தந்தத் தளத்தின் அடிவாசலை அதுவே தேடித் தட்டுகிறது. லினக்ஸில் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, இயங்குதளத்தின் மையக் கருவாகிய பகுதியிடமே 'நானும் ஒரு மவுஸ்' என்று பதிவு செய்துகொள்ளவும் வழியுண்டு. மேலேயுள்ள எந்த மென்பொருளாலும் அதனை மெய்யான மவுஸிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாது.

அடிவாசலின் பெருமை அதன் மெய்ம்மையே. பொத்தானை வேறொரு சாளரம் மறைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கிளிக்கும் மறைத்த சாளரத்தின்மேல்தான் விழும். பொத்தான் செயலற்று மங்கியிருந்தால் ஒன்றும் நடவாது. அதாவது மனிதனுக்கு நேரக்கூடிய அதே தோல்விகள் நிரலுக்கும் நேரும். மென்பொருளைப் பரிசோதிக்கிறவருக்கு வேண்டியது இதுவே. ஆனால் அலுவலகத்தில் இரவோடு இரவாகப் பட்டியல்களைப் பூர்த்தி செய்ய நிரல் எழுதியவருக்கு இந்த மெய்ம்மையே பகையாகிறது. அம்பு உண்மையாகவே நகருகிறபடியால், அதே கணினியில் வேறொருவர் வேலை செய்ய முடியாது. திரை பூட்டப்பட்டாலோ, தொலைவிலிருந்து இணைந்த அமர்வு துண்டிக்கப்பட்டாலோ, கிளிக் போய்ச் சேருவதற்கு உயிருள்ள மேசைப்பரப்பே இல்லாமற் போய்விடுகிறது. பகலில் ஒழுங்காக ஓடிய நிரல், ஊழியர் வீட்டுக்குப் புறப்பட்டு இணைப்பை மூடிய மறுகணமே நின்றுபோவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

அந்தத் துன்பத்திலிருந்து தப்ப விரும்புகிறவர்கள் நடுவாசலை நாடுகிறார்கள். பொது வரிசையைத் தொடாமல், 'போஸ்ட்மெசேஜ்', 'சென்ட்மெசேஜ்' என்னும் செயற்கூறுகளைக் கொண்டு, இடப் பொத்தான் அழுந்தியது, எடுபட்டது என்ற இரு செய்திகளையும் குறிப்பிட்ட சாளரத்துக்கு நேரடியாக அனுப்பிவிடுவது இதன் முறை. அம்பு நகராது, சாளரம் பின்னால் மறைந்திருந்தாலும் செய்தி சேரும், பயனரும் தம் வேலையைத் தடையின்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவு சௌகரியங்களையும் ஒருங்கே காட்டுவதால்தான் இதனிடம் மயங்காதவர் அரிதாயிருக்கிறார்கள். ஆனால் இது தருவது கிளிக்கின் செய்தியை மட்டுமே. செய்தியைச் சூழ்ந்திருக்க வேண்டிய நிலைமையைத் தருவதில்லை. பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று செய்தி கூறும் அதே கணத்தில், மென்பொருள் இயங்குதளத்தை நோக்கி 'இப்போது மவுஸ் பொத்தான் அழுந்தியிருக்கிறதா?' என்று வினவினால், இல்லை என்றே விடை வரும், 'அம்பு எங்கே?' என்று வினவினால், செய்தியில் கண்ட ஸ்தானத்துக்குச் சம்பந்தமில்லாத மூலையொன்றைக் காட்டும். இந்த முரண்பாட்டைக் கவனிக்காத எளிய மென்பொருள் ஏமாறும். கவனிக்கிற மென்பொருள் குழம்பும். இழுத்துவிடும் செயல்கள் இம்முறையில் அனேகமாகப் பலிப்பதேயில்லை.

அதோடு, சாளரத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் அந்தச் சாளரம் இருந்தாக வேண்டுமல்லவா? பழைய விண்டோஸ் மென்பொருள்களில் ஒவ்வொரு பொத்தானும் ஒரு தனிச் சாளரம்; இயங்குதளத்திடம் அதற்கென்று ஓர் அடையாள எண் உண்டு. டபிள்யூபிஎஃப், ஜாவா ஸ்விங், தற்காலத்து க்யூட்டி முதலிய இடைமுகக் கருவித்தொகுப்புகளால் ஆன மென்பொருள்களிலோ, வெளியே ஒரே சாளரம் நிற்க, உள்ளேயுள்ள பொத்தான்கள் யாவும் அதன்மேல் வரையப்பட்ட சித்திரங்களாகவே இருக்கின்றன. விளையாட்டு மென்பொருள்கள் பல இந்தச் செய்திகளைப் படிப்பதே கிடையாது. மவுஸின் மூல அசைவை நேராக வாங்கிக்கொள்கின்றன. எக்ஸ்11 முறையிலோ, இவ்வாறு ஒரு நிரல் மற்றொன்றுக்கு அனுப்பும் ஒவ்வொரு நிகழ்விலும் 'இது அனுப்பப்பட்டது' என்ற முத்திரை தவறாமல் குத்தப்படுகிறது. 'எக்ஸ்டெர்ம்' போன்ற முனைய மென்பொருள்கள் அந்த முத்திரையைக் கண்டதும், வெளிப்படையாக அநுமதிக்கப்பட்டாலன்றி, அந்நிகழ்வைப் புறக்கணித்துவிடுகின்றன. பழைய உரையாடல் பெட்டியிலுள்ள பொத்தானுக்கு, அழுத்தமும் விடுவிப்பும் என்று பிரிக்காமல், 'உன்னைக் கிளிக் செய்துகொள்' என்று ஒரே கட்டளையாக அனுப்பும் 'பிஎம் கிளிக்' என்ற செய்தி ஒன்று உண்டு. அதனை மட்டும் நான் ஆதரிப்பேன். மற்றபடி, அசைவின் மெய்ம்மையும் இல்லாமல், அர்த்தத்தின் உறுதியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே தொங்கும் இந்த வாசலைப் புதிதாக எழுதும் எந்த நிரலுக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கிளிக் செய்ய வேண்டிய மென்பொருளே நம்முடையதாக இருக்குமாயின் நிலைமை முற்றும் வேறு. டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் 'பர்ஃபார்ம்கிளிக்' என்றும், ஸ்விங்கில் 'டூகிளிக்' என்றும், க்யூட்டியில் 'கிளிக்', 'அனிமேட்கிளிக்' என்றும் பொத்தானே தன்னைக் கிளிக் செய்துகொள்ளும் வழிகள் அமைந்துள்ளன. ஸ்விங்கின் 'டூகிளிக்' பொத்தானை 68 மில்லிவினாடி நேரம் அழுந்திய நிலையில் நிறுத்திக் காட்டிவிட்டு விடுகிறது. காண்பவர் கண்ணுக்குப் பொத்தான் அழுந்தியது தெரிய வேண்டுமென்ற அக்கறை அந்தச் சிறு எண்ணில் இருக்கிறது. ஆயினும், தன் சொந்த மென்பொருளின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதியை இயக்குவதற்குக் கிளிக்கை நாடுவதே பெரும்பாலும் அமைப்பின் குறைபாட்டைக் காட்டுகிறது. பொத்தானுக்குப் பின்னால் நடக்க வேண்டிய பணியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து எழுதியிருந்தால், பொத்தானும் அதை அழைக்கலாம், பட்டியலும் அழைக்கலாம், சோதனை நிரலும் அழைக்கலாம். கிளிக்கைப் போலி செய்யும் பிரமேயமே எழாது. வேலையையும் அதன் வெளித்தோற்றத்தையும் பிணைத்து எழுதிவிட்டு, பிறகு வேலையைத் தூண்டுவதற்காகத் தோற்றத்தைத் தடவிக்கொண்டிருப்பது வீண் பிரயாசை.

பிறர் மென்பொருளை இயக்குவோருக்கு மேல்வாசல் ஒன்று இருக்கிறது. அதனைத் திறந்துவைத்தவர்கள் பார்வையற்ற பயனர்கள் என்றே சொல்லவேண்டும். திரையில் என்ன இருக்கிறது என்று காணாதவருக்கு வாய்விட்டுச் சொல்லும் திரைபடிப்பான்கள் வேலை செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு மென்பொருளும் தன்னிடத்திலுள்ள பொத்தான், பட்டியல், எழுத்துப்பெட்டி ஆகியவற்றின் பெயரையும் வகையையும் நிலையையும் வெளியே தெரிவித்தாக வேண்டும். அவற்றை இயக்கவும் வழிவிட வேண்டும். இதற்காக மைக்ரோசாஃப்ட் 1997 இல் 'ஆக்டிவ் அக்சசிபிலிட்டி' என்ற ஏற்பாட்டைச் செய்தது. பின்பு விண்டோஸ் விஸ்டாவின் காலத்தில் 'யூஐ ஆட்டோமேஷன்' என்ற விரிவான ஏற்பாடு வந்தது. மேக் ஓஎஸ்ஸிலும் லினக்ஸிலும் இவற்றுக்கு நிகரானவை இருக்கின்றன. இம்முறையில் நிரல் திரையின் ஸ்தானங்களை எண்ணுவதில்லை. 'சேமி என்ற பெயருள்ள பொத்தானைக் கண்டுபிடி, அதன் காரியத்தைச் செய்யச் சொல்' என்று மாத்திரம் கேட்கிறது. சாளரம் நகர்ந்தாலும், எழுத்து பெருத்தாலும், திரை மாறினாலும் இந்தக் கட்டளை பிசகுவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பட்டு இலவசமாக வழங்கப்படும் என்விடிஏ என்னும் திரைபடிப்பான் இந்த ஏற்பாடுகளின்மேல்தான் நிற்கிறது. அதனோடு வரும் இஸ்பீக் பேச்சுப்பொறி தமிழையும் வாசிக்கும். பொத்தானுக்குப் பெயரிடாமல், வெறும் படத்தை மட்டும் ஒட்டி வைக்கும் மென்பொருளாளர், பார்வையற்ற தமிழ்ப் பயனர் ஒருவருக்குக் கதவைச் சாத்துவதோடு, தம் மென்பொருளையே நாளைக்குத் தாமே தானியக்கமாகச் சோதிக்கும் வழியையும் சாத்திக்கொள்கிறார். பெயரிடுவதற்கு ஆகும் செலவோ ஒரு வரி எழுத்து. இவ்வளவு சுலபமான தர்மத்தைக்கூடச் செய்யாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

மேல்வாசலுக்கும் ஒரு வரம்பு உண்டு. பொத்தான் வேறொன்றால் மறைக்கப்பட்டுக் கிடந்தாலும் இந்தக் கட்டளை வெற்றி பெறுமாகையால், சோதனைகள் அனைத்தும் தேறியதாகக் காட்டும் மென்பொருளில், மனிதப் பயனரின் மவுஸுக்கு எட்டாத பொத்தான் ஒன்று இருந்துவிடக்கூடும். ஆகவே பரிசோதகர் இரண்டையும் கலக்க வேண்டும்: பெயரால் பொத்தானைக் கண்டுபிடித்து, கிளிக் செய்யத்தக்க புள்ளி எதுவென்று அதனிடமே கேட்டு, பிறகு அடிவாசல் வழியாக அந்தப் புள்ளியில் மெய்யாகவே அழுத்துவதே நேர்மையான சோதனை. பெயரும் தராமல், சாளர எண்ணும் தராமல், வெறும் சித்திரமாகவே நிற்கும் மென்பொருளிடம் என்ன செய்வது? எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2009 இல் வெளியிட்ட 'சிகுலி' என்ற கருவி, பொத்தானின் படத்தை வெட்டி எடுத்துக்கொடுத்தால் திரை முழுவதையும் துழாவி அதற்கு ஒப்பான இடத்தைக் கண்டு அங்கே கிளிக் செய்கிறது. தொலைக்கணினியின் திரை வெறும் படமாக வந்து சேரும் இடங்களில் இதைத் தவிர வேறு கதியில்லை. ஆனால் வண்ணமோ, எழுத்தின் பருமனோ சற்று மாறினாலும் ஒப்புமை தவறிப்போகக்கூடுமாதலால், இதைக் கடைசி உபாயமாகவே கொள்வது நலம்.

எந்த வாசல் வழியாகப் புகுந்தாலும் காலம் என்னும் தொல்லை கூடவே வருகிறது. மனிதன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த சாளரம் தோன்றும்வரை தன்னையறியாமலே காத்திருக்கிறான்; நிரலுக்குக் காத்திருக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாளரம் தோன்றுமுன் விழும் கிளிக், அதன் அடியில் இருக்கும் வேறேதோ ஒன்றின்மேல் விழுந்து, வேண்டாத காரியத்தை நடத்திவிடும். இதற்குப் பரிகாரமாக இரண்டு வினாடி, மூன்று வினாடி என்று கண்ணை மூடிக்கொண்டு தாமதத்தைச் செருகுவது பரவலான பழக்கம். வேகமான கணினியில் அது வீண் தாமதம், மந்தமான கணினியில் அதுவும் போதாது. சாளரம் வந்துவிட்டதா, பொத்தான் செயலுக்குத் தயாராயிற்றா என்ற நிபந்தனையையே திரும்பத் திரும்பக் கேட்டு, நிறைவேறியதும் செல்வதும், குறித்த காலத்துக்குள் நிறைவேறாவிடில் தவறென்று அறிவித்து நிற்பதும்தான் உருப்படியான முறை. அடிவாசலில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து விழும் இரு தனிக் கிளிக்குகள், விண்டோஸின் இயல்பான அமைப்பாகிய 500 மில்லிவினாடிக்குள் நிகழ்ந்தால், இயங்குதளம் அவற்றை இரட்டைக் கிளிக்காகக் கொள்ளும். இழுக்கும் செயலில், அழுத்திய இடத்திலிருந்து விடும் இடத்துக்கு ஒரே தாவலாகத் தாவினால் பல மென்பொருள்கள் இழுத்ததாகவே உணர்வதில்லை. நடுவே சில புள்ளிகளில் அம்பு நகர்வதை அவற்றுக்குக் காட்ட வேண்டும்.

ஓடும் நிரலை நிறுத்துவதற்கு வழி வைப்பதும் இதனோடு சேர்ந்த கடமை. மவுஸ் நிரலின் வசமாகிவிட்ட நிலையில், அதை நிறுத்தும் பொத்தானைப் பயனர் எப்படி அழுத்துவார்? பைத்தான் மொழியில் வழங்கும் 'பைஆட்டோகுயி' என்ற கருவி, பயனர் அம்பைத் திரையின் மூலைக்குத் தள்ளிவிட்டால் உடனே இயக்கத்தைக் கைவிட்டு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு செயலுக்கும் பின் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓய்ந்து, அவருக்கு அதற்கான அவகாசமும் தருகிறது. இவ்வித ஏற்பாடு இல்லாத நிரலைப் பிறர் கணினியில் ஓடவிடுவது அபாயகரமானது.

இதுவரை கிளிக்கை அசைவாகவும் செய்தியாகவும் பார்த்தோம். அது சம்மதமாகவும் இருப்பதனால் விளையும் சிக்கலே எல்லாவற்றிலும் பெரியது. 'இந்த மென்பொருளுக்கு உங்கள் கணினியை மாற்ற அநுமதி தருகிறீர்களா?' என்று இயங்குதளம் கேட்கும்போது, 'ஆம்' என்ற பொத்தானை நிரலே அழுத்திக்கொள்ள முடியுமானால் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. பழைய விண்டோஸில் ஒரே மேசைப்பரப்பிலுள்ள எந்த நிரலும் எந்தச் சாளரத்துக்கும் செய்தி அனுப்பலாம். குறைந்த அதிகாரமுள்ள நிரல், உயர்ந்த அதிகாரமுள்ள சாளரத்துக்குச் செய்திகளை அனுப்பியே அதன் அதிகாரத்தைத் திருடிக்கொள்ளும் 'ஷாட்டர்' என்ற தாக்குதல் முறை 2002 இல் பகிரங்கமாயிற்று. அதன் படிப்பினையை ஏற்று, 2007 இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, நிரல்களைத் தரம் பிரித்து, கீழ்த்தரத்திலுள்ளது மேல்தரத்திலுள்ளதற்குச் செய்தியோ போலி உள்ளீடோ செலுத்தவொட்டாமல் தடுத்தது. அநுமதி கேட்கும் பெட்டியையும் பிற நிரல்கள் எட்ட முடியாத தனி மேசைப்பரப்பில் காட்டலாயிற்று. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இவ்வாறு தடுக்கப்படும்போது, காரணம் இன்னதென்று சென்ட்இன்புட் தெரிவிப்பதில்லை. திரும்பக் கிடைக்கும் விடையிலும் பிழைக் குறியிலும் அதற்கு அடையாளமே இராது. நேர்மையான நிரலாளர் தம் நிரல் ஏன் பலிக்கவில்லை என்று தெரியாமல் திண்டாடும்படி விட்டது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

மேக் ஓஎஸ்ஸிலும் இதே போராட்டம் நடந்தது. ஆப்பிள் நிறுவனமும் அநுமதிப் பெட்டிகளின்மேல் போலிக் கிளிக் விழாதபடி காவல் வைத்திருந்தது. எனினும் 2018 இல் லாஸ் வேகஸ் நகரில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், பாட்ரிக் வார்டில் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அந்தக் காவலின் ஓட்டையைக் காட்டினார். அழுத்தமும் விடுவிப்பும் என்று அனுப்புவதற்குப் பதிலாக, அழுத்தத்தையே இரண்டு முறை அனுப்பினால், ஹை சியரா பதிப்பு இரண்டாவது அழுத்தத்தை விடுவிப்பாக எடுத்துக்கொண்டு, அதையும் இயங்குதளமே உண்டாக்கிய உண்மை நிகழ்வாக மதித்துவிட்டது. அவ்வாண்டே வந்த மொஹாவி பதிப்பு போலிக் கிளிக்குகளின்மேல் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. இப்போது பயனர் அமைப்புகளில் தாமே சென்று பெயர் குறித்து அநுமதித்த நிரலுக்கு மாத்திரமே பிற மென்பொருள்களைக் கிளிக் செய்ய உரிமையுண்டு.

எல்லாரினும் கண்டிப்பானவர்கள் லினக்ஸில் எக்ஸ்11-க்குப் பதிலாக வரும் வேலாண்ட் சாளர முறையை வகுத்தவர்கள். எக்ஸ்11 எந்த நிரலுக்கும் எந்தச் சாளரத்தையும் காணவும் கிளிக் செய்யவும் தாராளமாக இடம் தந்ததற்கு மாறாக, வேலாண்டின் அடிப்படை நெறியில், ஒரு நிரலுக்குத் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பிறர் சாளரத்தில் கிளிக் செய்வதற்கும் வாசல் இல்லை. பாதுகாப்புக்கு இது மிகப் பெரிய லாபம். ஆனால் எக்ஸ்டூடூலை நம்பிக் குரலால் கணினியை ஆண்டுவந்தவர்களுக்கும், கையை ஊன்றி அசைக்க இயலாமல் சிறு சுவிட்ச் ஒன்றைத் தட்டிக் கிளிக் செய்துவந்தவர்களுக்கும் காலின் கீழிருந்து தரையையே உருவியது போலாயிற்று. பின்னர் தொலைமேசை வாயில் என்ற அநுமதி முறையும், 'லிப்ஈஐ' என்ற நூலகமும் வந்து, நிரல் முதலில் பயனரின் இசைவைக் கேட்டுப் பெற்று அதன்பின் கிளிக் செய்யலாம் என்றாயிற்று. ஒருமுறை தந்த இசைவை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது.

ஆனால் அந்த முதல் இசைவுப் பெட்டியில் 'சரி' என்ற பொத்தானை யார் அழுத்துவது? நிரலின் உதவியாலன்றி எதையுமே அழுத்த இயலாதவரிடம், நிரலுக்கு அநுமதி தருமாறு அழுத்தச் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு அரைகுறையானது. விசைப்பலகையின் எண் விசைகளால் அம்பை நகர்த்தி, ஐந்தை அழுத்திக் கிளிக் செய்யும் வசதி விண்டோஸுக்குள்ளேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதை எவரும் போலி என்று சந்தேகிப்பதில்லை. வெளியார் எழுதும் உதவிக் கருவிகளுக்கும், நம்பத்தக்க கையொப்பம் பெற்று, சாதாரண நிரல்கள் எழுத முடியாத பத்திரமான கோப்புறையில் நிறுவப்பட்டிருந்தால், மேல்தரச் சாளரங்களையும் கிளிக் செய்யும் விசேஷ உரிமையை விண்டோஸ் தருகிறது. இதுவே எனக்குச் சரியான வழியாகத் தோன்றுகிறது. ஊனமுற்ற பயனர் தேர்ந்த உதவிக் கருவியை, கணினியை நிறுவும் வேளையிலேயே, மவுஸின் இயக்கியோடு சமமாக இயங்குதளத்தில் பதிவு செய்துவிட வேண்டும். உள்நுழையும் திரையிலும் அநுமதிப் பெட்டியிலும் அந்தக் கருவியின் கிளிக்குக்கு, கையால் செய்த கிளிக்குக்குரிய அதே மதிப்பு இருக்க வேண்டும். மற்ற நிரல்களின் கிளிக்குகள் எல்லாம் அந்தப் பெட்டிகளின் வாசலிலேயே, காரணம் சொல்லி, நிறுத்தப்பட வேண்டும்.